பாதாம் தோப்பு பக்கத்துல வீடு, ஏசி டக்ட் கிளீன் பண்ணனுமா? பண்ணலாம், ஆனா அது கடைசி வேலை

கலிஃபோர்னியாவுல மடேரா பக்கம் வீடு வாங்கி ஒரு வருஷம் ஆச்சு, பின்பக்க வேலிக்கு அந்தாண்ட பாதாம் தோப்பு, ஆகஸ்ட் பொறந்ததுலேர்ந்து டைனிங் டேபிள்ல விரலாலயே கோலம் போடலாம் போல இருக்கு, 6 வயசு பையனுக்கு இருமல் நிக்கல, டக்ட்ட, அதாவது ஏசி காத்து ஓடுற குழாய, கிளீன் பண்ண ஒரு கம்பெனி 1,400 டாலர் கேக்குது, இன்னொண்ணு 99 டாலர்னு தினம் போன் பண்ணுது, யாரக் கூப்புடறதுன்னு கேட்டிருக்கீங்க. இப்போதைக்கு ரெண்டு பேரையுமே கூப்புடாதீங்க. ஏன்னு கொஞ்சம் நீளமாவே சொல்றேன், நான் இந்த ஃப்ரெஸ்னோ சுத்துவட்டாரத்துல 18 வருஷமா ஏசி, ஃபர்னஸ் (வீட்ட சூடாக்குற மெஷின்) வேலை பாக்குறவன், அட்டிக்ல, அதாவது கூரைக்கு அடியில இருக்குற பொந்துல, தவழ்ந்து தவழ்ந்து முட்டி போனதுதான் மிச்சம்.

மொதல்ல நீங்க இருக்குற எடத்தப் பத்தி. சான் வாக்கீன் பள்ளத்தாக்குன்றது ஒரு பெரிய தொட்டி மாதிரி. கிழக்க சியரா நெவாடா, மேற்க கோஸ்ட் ரேஞ்ச், தெற்க டெஹாச்சபி மலை, மூணு பக்கமும் செவுரு. உள்ள கெளம்புற தூசி, பொகை எல்லாம் வெளிய போக வழியில்லாம மேலயே நிக்கும். உலகத்துல வெளையுற பாதாம்ல சுமார் 80 சதவீதம் கலிஃபோர்னியாவுல, அதுவும் பெரும்பாலும் இந்த தொட்டிக்குள்ளதான் வெளையுது. அறுவடை ஆகஸ்ட்லேர்ந்து அக்டோபர் வரைக்கும் நடக்கும், நீங்களே வேலி வழியா பாத்திருப்பீங்க. ஒரு மிஷின் வந்து மரத்த புடிச்சு உலுக்கும், கொட்டையெல்லாம் தரையில விழுந்து ஒரு வாரம் பத்து நாள் வெயில்ல காயும், அப்புறம் பெருக்குற மிஷின் வந்து வரிசையா ஒதுக்கும், கடைசியா அள்ளுற மிஷின் வரும். உலுக்குற நாள் அவ்வளவு மோசமில்ல. பெருக்குற நாளும் அள்ளுற நாளும்தான் பழுப்பு மேகமா எழும்பும், ஏன்னா அதுங்க மண்ணையும் சேத்து உறிஞ்சி, காத்தால பிரிச்சு, மண்ண மட்டும் பின்னாடி ஊதி விடுது.

இப்ப விஷயத்துக்கு வருவோம். எல்லாரும் நெனைக்கறது என்னன்னா, டக்ட்டுக்குள்ள தூசி படிஞ்சிருக்கு, ஏசி போட்டா அது வீட்டுக்குள்ள பறக்குது, அத தொடச்சு எடுத்துட்டா வீடு சுத்தமாயிடும்னு. கேக்க சரியாத்தான் இருக்கு. ஆனா டக்ட் தூசிய உற்பத்தி பண்ற எடம் இல்லங்க, அது தூசி நடந்து போற ரோடு. ரோட்ட கூட்டிட்டு கேட்ட தொறந்து வெச்சீங்கன்னா அடுத்த அறுவடைக்குள்ள பழையபடி ஆயிடும். டக்ட் உள்பக்கம் ஒட்டிக் கெடக்குற தூசில பெரும்பகுதி அங்கயே தேமேன்னு கெடக்கும், அதுபாட்டுக்கு எழுந்து வராது. அமெரிக்க அரசோட சுற்றுச்சூழல் அமைப்பு இபிஏ 1997லயே இதப் பத்தி ஒரு கையேடு போட்டுச்சு, அதுல தெளிவா சொல்லிருக்கு, டக்ட் கிளீனிங் ஒடம்பு பிரச்சனைய தடுக்கும்னு இதுவரை நிரூபணம் ஆகல, வருஷா வருஷம் வழக்கமா பண்ண வேண்டியதும் இல்ல, தேவைப்பட்டா பண்ணுங்கன்னு. தேவைன்னா என்னன்னும் சொல்லிருக்கு, அத பின்னாடி சொல்றேன்.

அப்ப டேபிள் மேல தூசி எங்கேர்ந்து வருது? கண்ணுக்கு தெரியுற அந்த கனமான தூசி முக்காவாசி கதவு, ஜன்னல், செருப்பு, நாய்க்காலு வழியாத்தான் உள்ள வருது, அது ஃபில்டர் வரைக்கும் போறதுக்குள்ளயே தரையில விழுந்துடும். நம்மாளுங்க வீட்டுல ஒரு நல்ல பழக்கம், செருப்ப வெளிய விடறது. ஆனா கராஜ்க்குள்ள விட்டுட்டு கராஜ் கதவு வழியா வர்றீங்கன்னா பாதி புண்ணியம் போச்சு, கராஜ் தரையில தோப்பு மண்ணே கெடக்கும்.

மிச்சம் கால்வாசிதான் என் வேலை சம்பந்தப்பட்டது, அந்த கால்வாசிதான் மூச்சுல போற பொடித்தூசியும் கூட. அது ரெண்டு வழியா வரும். ஒண்ணு, ரிட்டர்ன் பக்கம் ஓட்டை. ஏசி வீட்டு காத்த ஒரு பெரிய ஜல்லட வழியா உள்ள இழுத்து, ஃபில்டர்ல விட்டு, குளுராக்கி ரூமுக்கு அனுப்புது, இந்த இழுக்குற பக்கத்துல ஃபில்டருக்கு அப்புறமா எங்கயாவது சந்து இருந்தா, அங்கேர்ந்து அட்டிக் காத்தோ கராஜ் காத்தோ ஃபில்டர பாக்காமலே நேரா உள்ள போயிடும். நீங்க 30 டாலருக்கு எவ்வளவு நல்ல ஃபில்டர் போட்டாலும் வீண், முன்வாசல்ல வாட்ச்மேன நிறுத்திட்டு கொல்லப்பக்கத்த தொறந்து போட்ட கதைதான். ரெண்டாவது, அனுப்புற பக்கம் ஓட்டை. குளுந்த காத்து அட்டிக்ல லீக் ஆச்சுன்னா வீட்டுக்குள்ள காத்து கொறையும், கொறஞ்சத ஈடு கட்ட வீடு வெளிக்காத்த ஜன்னல் இடுக்கு, கதவு அடி, ப்ளக் பாயின்ட் ஓட்டைன்னு எல்லாத்துலேர்ந்தும் உறிஞ்சும். வெளிக்காத்துன்னா உங்க வீட்டுக்கு என்ன காத்து? தோப்பு காத்து. சாதாரண வீட்டுல டக்ட்ல ஓடுற காத்துல 20லேர்ந்து 30 சதவீதம் ஓட்டை வழியா வீணாப் போகுதுன்னு மின்சாரத்த மிச்சம் பண்ண அரசு நடத்துற எனர்ஜி ஸ்டார் திட்டத்துக்காரங்களே சொல்றாங்க. நான் பாத்த சில பழைய வீடுங்களுக்கு அது கம்மியான கணக்கு.

என் வீட்டுக் கதையவே சொல்றேன். வீடு 1978ல கட்டினது. ஃபர்னஸ் ஹால் ஓரத்துல ஒரு அலமாரிக்குள்ள நிக்கும், அதுக்கு கீழ மரச்சட்டம் அடிச்சு ஜிப்சம் போர்டு வெச்சு ஒரு பொட்டி மாதிரி கட்டிருப்பாங்க, அதுதான் ரிட்டர்ன். ரிட்டர்ன் பிளாட்ஃபார்ம்னு சொல்வோம், இந்தப் பக்கம் பழைய வீடுங்கள்ல ரொம்ப சகஜம். தகரத்துல டக்ட் எதுவும் கெடையாது, வெறும் கட்டடப் பொந்து. வீடு வாங்கின புதுசுல என் வீட்டம்மா தினமும் டிவி மேல தூசி தொடச்சு அலுத்துப்போயி, ஊரு ஏசியெல்லாம் பாக்குற உன் வீட்டு ஏசிய யாரு பாக்குறதுன்னு கேட்டப்புறம்தான் ஒரு ஞாயித்துக்கிழம உக்காந்தேன். ஃபேன ஆன்ல வெச்சேன், ஜல்லடைய கழட்டினேன், சாமி ரூம்லேர்ந்து ஒரு ஊதுபத்தி கொளுத்தி எடுத்துட்டு வந்து அந்தப் பொட்டியோட மூலைங்கள்ல காட்டினேன். பின்பக்க மூலையில பொகை ஆடாம அசையாம நின்னுச்சு, அடுத்த மூலையில திடீர்னு என் மூஞ்சி மேலயே அடிச்சுது. அதாவது அங்கேர்ந்து காத்து உள்ள வருது. டார்ச் அடிச்சுப் பாத்தா செவுத்துப் பொந்து நேரா அட்டிக் வரைக்கும் தொறந்து கெடக்கு, கேபிள் இழுத்தவன் ரெண்டு விரல் போற ஓட்டை போட்டுட்டு மூடாம போயிருக்கான். பொட்டி அடியில ரெண்டு கைப்பிடி அளவு மண்ணு, பாதாம் தோல் துணுக்கு, அட்டிக்ல போட்ட இன்சுலேஷன் பஞ்சு, எலிப்புழுக்கை. எத்தன வருஷமா இந்தக் குடும்பம் இதுக்கு மேல ஓடுற காத்த சுவாசிச்சுதுன்னு நெனச்சா ஒரு மாதிரி ஆயிடுச்சு.

எலிப்புழுக்கைய பாத்தா தொடப்பத்த எடுக்காதீங்க, வேக்குவமும் போடாதீங்க. இந்த நாட்டுல வயக்காட்டு எலி மூலமா ஹான்டா வைரஸ் வரும், காஞ்ச புழுக்கைய கூட்டினா அந்த பொடியத்தான் மூக்குல இழுப்பீங்க. 1 பங்கு பிளீச்சுக்கு 9 பங்கு தண்ணி கலந்து நல்லா நனைய அடிச்சு, 5 நிமிஷம் ஊற விட்டு, கையுற போட்டு பேப்பர் டவல்ல அள்ளி கட்டிப் போடுங்க. அன்னிக்கு நான் அதத்தான் பண்ணேன், அப்புறம் ஓட்டைங்கள போர்டு வெச்சு அடைச்சு, எல்லா மூட்டுலயும் மாஸ்டிக் பூசினேன். மாஸ்டிக்னா டப்பாவுல வர்ற சாம்பக் கலரு பேஸ்ட், தோசமாவு பதத்துல இருக்கும், பிரஷ்ஷால தடவணும். மொத்த செலவு அன்னிக்கு 40 டாலர் கூட ஆகல. அந்த சீசன்ல டிவி தொடைக்கறது வாரத்துக்கு ஒரு தடவையா கொறஞ்சுது, டக்ட்ட நான் தொடக்கூட இல்ல.

ஒரு தமாஷ், டக்ட் டேப்புன்னு பேரு வெச்ச அந்த துணி டேப் டக்ட்டுக்கு ஆகவே ஆகாது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துல 1998ல எல்லா வகை டேப்பு, பேஸ்டையும் சூட்டுல வெச்சு சோதிச்சுப் பாத்தாங்க, மொதல்ல பிச்சுக்கிட்டு வந்தது அதுதான். அட்டிக்ல நம்ம ஊர் வெயிலுக்கு அது ரெண்டு வருஷத்துல காஞ்ச அப்பளம். மாஸ்டிக், இல்லன்னா டக்ட்டுக்குன்னே சோதிச்சு தர்ற யூஎல் 181 முத்திரை போட்ட அலுமினிய டேப், ரெண்டுல ஒண்ணு.

அடுத்தது ஃபில்டர். உங்க வீட்டுல 1 இன்ச் ஃபில்டர் 3 மாசத்துக்கு ஒரு தடவை மாத்துறதா எழுதிருக்கீங்க. பேக்கட்ல 90 நாள்னு போட்டிருப்பான், அது தோப்பு பக்கத்துல இல்லாத வீட்டுக்கு. ஆகஸ்ட்லேர்ந்து அக்டோபர் வரைக்கும் மாசத்துக்கு ஒண்ணு, பக்கத்துல அள்ளுற வாரத்துல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்க. எந்த ஃபில்டர்னா, மெர்வ் நம்பர்தான் பாக்கணும், எவ்வளவு பொடித்தூசிய புடிக்கும்னு சொல்ற நம்பர் அது, நம்பர் ஏற ஏற நல்லா புடிக்கும். மெர்வ் 8 ஃபில்டர் 3லேர்ந்து 10 மைக்ரான் (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) துகள்ல 70 சதவீதம் புடிக்கும், 1லேர்ந்து 3 மைக்ரான்ல வெறும் 20 சதவீதம்தான் உத்தரவாதம். மெர்வ் 13ன்னா அதே ரெண்டும் 90, 85 சதவீதம், அதுக்கும் சின்னதுல கூட பாதிய புடிக்கும். 2020லேர்ந்து கலிஃபோர்னியாவுல புது வீட்டு ஏசிக்கு மெர்வ் 13 கட்டாயம். ஆனா பழைய சிஸ்டத்துல சட்டுன்னு 1 இன்ச் மெர்வ் 13 திணிச்சிடாதீங்க, மூக்க புடிச்சிக்கிட்டு ஓடற மாதிரி ஆயிடும் மோட்டருக்கு. காத்து கொறஞ்சு, காத்த குளுராக்குற காயில் ஐஸ் புடிச்சு நின்னுபோன வீட்டுக்கெல்லாம் நான் போயிருக்கேன், ஜூலை மாசம் 108 டிகிரில. ஒரு டெக்னீஷியன கூப்ட்டு ஸ்டாட்டிக் பிரஷர், அதாவது காத்த தள்ள மோட்டர் படுற அழுத்தம், அத அளக்க சொல்லுங்க, 15 நிமிஷ வேலை. வீட்டு மெஷின் பெரும்பாலும் 0.5 இன்ச் அழுத்தத்துக்கு (தண்ணி எத்தன இன்ச் ஏறுதுன்னு அளக்கற கணக்கு) வடிவமைச்சது, உங்களுது ஏற்கனவே 0.8, 0.9ல ஓடுதுன்னா ஃபில்டர் எடத்த 4 இன்ச் ஆழத்துக்கு மாத்தி வெக்க சொல்லுங்க, மடிப்பு அதிகம் இருக்கறதால அதே மெர்வ் 13 அதுல சுலபமா மூச்சு விடும். ஃபில்டர் சட்டத்துல கோணலா நிக்குதா, ஓரத்துல வெளிச்சம் தெரியுதான்னும் பாருங்க, ஓரத்துல ஒரு சந்து இருந்தா காத்து அத விட்டுட்டு ஃபில்டர் வழியா எதுக்கு கஷ்டப்பட்டு போகும்?

உங்க வீட்டுக் கூரையில ஸ்வாம்ப் கூலரும் இருக்கான்னு எழுதல. பழைய மடேரா வீடுங்கள்ல இருக்கும். இருந்தா அறுவடை முடியற வரைக்கும் அத தொடாதீங்க, அதுக்கு வேலையே வெளிக்காத்த ஈரத்துல விட்டு உள்ள தள்றதுதான். சும்மா நிறுத்தினா போதாது, காத்து வழிய அடைக்கற அதோட மூடி, டேம்பர்னு சொல்வோம், மூடாம இருந்தா அதுவே ஒரு ஜன்னல்.

சரி, அப்ப டக்ட் கிளீனிங்கே வேஸ்ட்டா? இல்ல. இபிஏ சொல்ற மூணு காரணம்தான் என் கணக்குலயும். டக்ட் உள்ள கண்ணால பாக்குற மாதிரி பூஞ்சை, எலி பூச்சி குடியிருந்த அடையாளம், இல்லன்னா தூசி அடைச்சு ரூமுக்குள்ள துகள் நெசமாவே வந்து விழறது. இதோட நான் ஒண்ணு சேத்துப்பேன், வீடு கட்டும்போதோ மராமத்து பண்ணும்போதோ ஏசிய ஓட விட்டு ஜிப்சம் பவுடர் உள்ள போயிருந்தா. நீங்களே பாக்கலாம், ரூம்ல காத்து வர்ற ஜல்லடைய ரெண்டு ஸ்க்ரூ கழட்டி போன் கேமராவ ஃபிளாஷோட உள்ள விட்டு வீடியோ எடுங்க. மெல்லிசா பவுடர் பூசின மாதிரி இருந்தா அது எல்லார் வீட்டுலயும் இருக்கறது, அதுக்கு 1,400 டாலர் கிடையாது. ஜல்லடைய சுத்தி சீலிங்ல கருப்பா கறை இருந்தாலும் பயப்படாதீங்க, பெரும்பாலும் அது தகரப் பொட்டிக்கும் சீலிங்குக்கும் நடுவுல இருக்குற சந்துல காத்து பூந்து வர்றதால வரும், இடுக்க அடைக்கற கால்க் பேஸ்ட் ஒரு ட்யூப் போதும்.

பண்றதுன்னு முடிவு பண்ணா எப்படி பண்ணணும்னு தெரிஞ்சுக்கோங்க. பெரிய உறிஞ்சு மெஷின ஃபர்னஸ் பக்கத்துல டக்ட்டோட இணைச்சு, மத்த ஜல்லடையெல்லாம் மூடி, மொத்த டக்ட்டையும் உள்நோக்கி இழுக்க வெக்கணும், அப்புறம் ஒவ்வொரு கிளையிலயும் காத்துச் சாட்டை (காத்து வேகத்துல சாட்டை மாதிரி துடிக்கற குழாய்) விட்டு தட்டி தூசிய கெளப்பி மெஷின் பக்கமா தள்ளிட்டு வரணும். காத்த தள்ளுற ப்ளோயர் சக்கரம், காயில், தண்ணி வடியிற தட்டு மூணும் இதுல அடங்கணும். எனக்கு கேட்டா டக்ட்ட விட காயில்தான் முக்கியம், அது ஈரமா இருக்குற எடம், பொடித்தூசி அங்க போயி சேறா அப்பிக்கும். ரெண்டு ஆளுக்கு அர நாள் வேலை. நாட்காங்கற டக்ட் கிளீனிங் சங்கத்துல உறுப்பினரா, அவங்க தர்ற ஏஎஸ்சிஎஸ் சான்றிதழ் வெச்ச ஆள் வேலைக்கு வருவாரான்னு கேளுங்க, காண்ட்ராக்டர் லைசென்ஸ் நம்பர வாங்கி மாநில போர்டு வெப்சைட்ல போட்டுப் பாருங்க. இபிஏ சொல்ற விலை ஒரு சிஸ்டத்துக்கு 450லேர்ந்து 1,000 டாலர். 1,400ங்கறது காயிலும் சேத்துன்னா பேசிப் பாக்கலாம், வெறும் டக்ட்டுக்குன்னா ஜாஸ்தி.

99 டாலர் ஆளப் பத்தி எனக்கு சொந்த அனுபவம் இருக்கு, என் மாமியார் வீட்டுல, நான் ஊருல இல்லாத நேரம் பாத்து. வந்தவன் 40 நிமிஷத்துல வேக்குவம் வெச்சு ஜல்லடைங்கள சுத்தி மேலோட்டமா இழுத்தான், அப்புறம் போன்ல ஒரு பூஞ்சை போட்டோ காட்டி, அது யார் வீட்டு பூஞ்சையோ, 800 டாலருக்கு மருந்து அடிக்கணும்னான். மாமியார் பயந்து 300 கொடுத்து அனுப்பினாங்க. அதோட போயிருந்தா பரவால்ல, ட்ரில்லுல மாட்டின கம்பி பிரஷ்ஷ வேற உள்ள விட்டிருக்கான். இந்தப் பக்கம் வீடுங்கள்ல அட்டிக்ல இருக்கறது முக்காவாசி ஃப்ளெக்ஸ் டக்ட், உள்ள மெல்லிசு பிளாஸ்டிக் உறை, அதுக்குள்ள கம்பிச்சுருள், மேல பஞ்சு. பிரஷ் அந்த உறைய கிழிச்சிடுச்சு. படுக்கையறைக்கு போக வேண்டிய குளுரு அட்டிக்குக்கு போச்சு, அடுத்த மாச கரண்ட் பில்லப் பாத்துட்டுதான் எனக்கு போன் பண்ணாங்க. கிழிஞ்ச 25 அடிய நானே மாத்தினேன். பழைய ஃப்ளெக்ஸா இருந்தா கிளீன் பண்றத விட மாத்தறதே உத்தமம். மருந்து அடிக்கற சமாச்சாரத்துக்கு தலையாட்டாதீங்க, ஃபைபர்கிளாஸ் உள்ள இருக்குற டக்ட்டுக்குன்னு இபிஏ பதிவு பண்ண கிருமி மருந்தே கெடையாது, அதுல ஈரம் பட்டு பூஞ்சை வந்தா கழட்டி போட வேண்டியதுதான். வீடு 1980க்கு முன்ன கட்டினதா இருந்து, டக்ட் மூட்டுல வெள்ளையா துணி பேப்பர் மாதிரி சுத்தியிருந்தா யாரையும் அத தொட விடாதீங்க, அஸ்பெஸ்டாஸா இருக்கலாம், டெஸ்ட் எடுத்துட்டுதான் மத்தது.

பையன் விஷயம். இத டக்ட்டோட முடிச்சுப் போடாம டாக்டர்கிட்ட தனியா பேசுங்க. இந்த பள்ளத்தாக்குல மண்ணுலயே ஒரு பூஞ்சை இருக்கு, காக்சிடியாய்டிஸ்னு பேரு, அதோட விதை 2லேர்ந்து 5 மைக்ரான்தான், மண்ணு கெளம்பும்போது மூச்சுல போகும், வேலி ஃபீவர், அதாவது பள்ளத்தாக்கு காய்ச்சல்னு அதத்தான் சொல்றாங்க. 1977 டிசம்பர்ல பேக்கர்ஸ்ஃபீல்ட் பக்கம் அடிச்ச புழுதிப் புயல்ல அது சாக்ரமென்டோ வரைக்கும் போயி அங்கெல்லாம் ஆளுங்களுக்கு வந்துச்சு. நிறைய பேருக்கு ஒண்ணுமே தெரியாம போயிடும், வந்தா ஃப்ளூ மாதிரி இருக்கும், காய்ச்சல், இருமல், அசதி, வாரக்கணக்குல விடாது. ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்கு தொத்தாது. ரத்தப் பரிசோதனை இருக்கு, ஆனா நீங்களா கேக்கலன்னா சில டாக்டருங்க வெறும் இருமல் மருந்து கொடுத்து அனுப்பிடுவாங்க, தோப்பு பக்கத்துல இருக்கோம்னு சொல்லுங்க. வீட்டுல சுகர் இருக்கறவங்க, கர்ப்பமா இருக்கறவங்களுக்கு இது கடுமையாகலாம், ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்து தங்குறாங்கன்னா அதையும் மனசுல வெச்சுக்கோங்க. டக்ட் கிளீன் பண்ணா வேலி ஃபீவர் வராதுன்னு எவனாவது சொன்னா அவன வாசலோட அனுப்பிடுங்க.

பையன் படுக்குற ரூமுக்கு காத்த வடிகட்டுற ஒரு ஹெப்பா மெஷின் வாங்கி வெக்கறது இதெல்லாத்தையும் விட சீக்கிரம் பலன் தரும். ரூம் எத்தன சதுர அடியோ அதுல மூணுல ரெண்டு பங்கு சிஏடிஆர் (மெஷின் எவ்வளவு சுத்தமான காத்து தருதுன்னு பெட்டி மேல போட்டிருக்குற நம்பர்) இருந்தா போதும், 150 சதுர அடிக்கு 100. காசு இடிக்குதுன்னா 20 இன்ச் பாக்ஸ் ஃபேன், 4 மெர்வ் 13 ஃபில்டர், டேப்பு, அட்டை இத வெச்சு நீங்களே செய்யலாம், கோர்சி ரோசன்தால் பாக்ஸ்னு பேரு. 2020ல க்ரீக் ஃபயர்ங்கற காட்டுத்தீ பொகைல ஃபில்டர் பொட்டிய ஹால் நடுவுல வெச்சுட்டு அத சுத்திதான் நாங்க சாப்ட்டதே.

இப்ப செப்டம்பர்ல கிளீனிங் காசு போட்டா அக்டோபர்ல திரும்ப மண்ணு. ஊதுபத்தி சோதனைய இந்த வாரமே பண்ணுங்க, ஓட்டைய அடைங்க, ஃபில்டர மாத்துங்க, நவம்பர்ல மழை விழுந்து தூசி அடங்கினப்புறம் ஜல்லடைய கழட்டி மறுபடி வீடியோ எடுத்துப் பாத்துட்டு, தேவைன்னா அப்ப கூப்புடுங்க, அவங்களுக்கும் சீசன் இல்லாத நேரம், விலை எறங்கும். அதுக்குள்ள வேலிக்கு அந்தாண்ட இருக்குற தோப்புக்காரர்கிட்ட ஒரு வார்த்தை பேசி வெச்சுக்கோங்க. எங்க தோப்புக்காரர் பஞ்சாபி பெரியவர், பெருக்குற மிஷின் வர்றதுக்கு முந்தின நாள் ராத்திரி எனக்கு ஒரு மெசேஜ் தட்டிடுவாரு, நாங்க ஜன்னல சாத்தி, கொடியில காயப்போட்ட துணிய எடுத்து, கிச்சன் எக்ஸாஸ்ட்ட அன்னிக்கு போடாம விட்டுடுவோம், அது வெளிய தள்ளுற அளவுக்கு தோப்புக்காத்து உள்ள வரும்ல, அதான். அன்னிக்கு எங்க வீட்டுல தயிர்சாதம்தான்.